நுவரெலியா மாவட்டக் கோட்டா: தோட்டப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கிறது?

கொட்டகலைக்காரன்:

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகம் புக ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேவையான குறைந்த புள்ளி, வந்தாலே வருகிற சண்டை இந்த முறையும் வந்துவிட்டது. "நுவரெலியாவுக்குக் குறைந்த புள்ளி, கொடுத்துவைத்தவர்கள்" என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் எழுதுகிறார்கள். கொடுத்துவைத்தது யார் என்று பார்க்கத்தான் இந்தத் திரி.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புகளில் 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக் கணக்கில். மிச்சம் 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியல் போட்டிருக்கும் 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் அதில் ஒன்று.

நுவரெலியா ஏன் பின்தங்கிய மாவட்டம்? அங்கே குளிர் அதிகம் என்பதாலா? 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நாங்கள். 2016இல் அரசாங்கமே எடுத்த சனத்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டத்துறையில் 32 வீதம். 2019 வறுமைக் கணக்கில் நாடு 14.3, தோட்டத்துறை 33.8. மாவட்டத்தின் சராசரியைக் கீழே இழுப்பது நாங்கள்தான். ஆனால் சலுகை மாவட்டத்தின் பெயரில் வருகிறது. நுவரெலியா டவுனில் டியூஷனுக்குப் போகிற கடை முதலாளியின் பிள்ளைக்கும், தோட்டத்து டிவிசனிலிருந்து (தோட்டத்தின் ஒரு பிரிவு) சேற்றுப் பாதையில் இறங்கி வருகிற பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. இரண்டு பேரில் யார் மருத்துவபீடம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்த 5 வீதத்தை மாவட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளைக்குக் கொடுங்கள். இது இனப் பிரச்சினை. அதை மாவட்டப் பிரச்சினையாகக் காட்டி மூடி வைத்திருக்கிறார்கள்.

வடமராட்சியான்:

தம்பி, ஆதங்கம் விளங்குகிறது. மருந்து பிழை.

கோட்டா என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாரான எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலம் எழுதியவனுக்கு 250 புள்ளி, சிங்கள மொழிமூலம் எழுதியவனுக்கு 229 போதும் என்றார்கள். அந்தக் கூத்துக்கு எதிர்ப்பு வந்ததும், 1974இல் மாவட்டக் கோட்டா என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அதன் விளைவை நாடே அனுபவித்தது. பிறப்பையும் இடத்தையும் பார்த்து இடம் கொடுக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று. தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஏ.எல்.லில் எடுப்பது கலைப்பிரிவு. கலைப்பிரிவுக்கு மாவட்டக் கோட்டாவே கிடையாது, முழுக்க அகில இலங்கைத் திறமை வரிசை. நீங்கள் 5 வீதத்தை எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு மண்ணும் கிடைக்காது. விஞ்ஞானமும் கணிதமும் படிக்கப் பாடசாலை இல்லாத இடத்தில் மருத்துவபீடக் கோட்டாவைப் பங்கு பிரித்து என்ன பயன்? முதலில் ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை கேளுங்கள், ஆய்வுகூடம் கேளுங்கள், ஆசிரியர் கேளுங்கள்.

இனம் என்கிறீர்கள். 2019 கணக்கில் வறுமையில் முதலிடம் முல்லைத்தீவு, அங்கே தோட்டமே இல்லை. போர் நடந்த இடம், தண்ணீர் இல்லாத இடம், பாதை இல்லாத இடம், இவைதான் பின்தங்குகின்றன. இடம்தான் பிரச்சினை.

கொட்டகலைக்காரன்:

அண்ணே, கலைப்பிரிவு பற்றிச் சொன்னது உண்மைதான். அதுவே என் கட்சிக்குத்தான் சாட்சி. எங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டா கலைப்பிரிவு எடுக்கிறார்கள்? தோட்டத்துக்குக் கிட்டே இருக்கும் பாடசாலையில் அது ஒன்றுதான் இருக்கிறது. விஞ்ஞானம் படிக்க ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் போர்டிங்.

கோட்டாவே வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்போது ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக வெளிமாவட்டப் பிள்ளைகளைச் சில வருடங்களுக்கு முன்பே கொண்டுவந்து நுவரெலியாவில் சேர்த்துவிடுகிறார்களே, அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள்? வடக்கிலிருந்தும் வருகிறார்கள், கொழும்பிலிருந்தும் வருகிறார்கள். கோட்டா அநியாயம் என்று மேடையில் பேசிவிட்டு, மகனை நுவரெலியாவில் பரீட்சை எழுத வைப்பது என்ன நியாயம்?

வடமராட்சியான்:

அப்படிச் செய்கிறவனைப் பிடித்துத் தண்டியுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஓட்டை இருக்கிற கோட்டாவுக்கு நீங்கள்தான் வக்காலத்து வாங்குகிறீர்கள், நானில்லை.

ஊவா டீச்சர்:

ஏ.எல்.லைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, தோட்டத்தில் பிறக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஏ.எல். வகுப்புவரை வருகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பேசலாமே. நான் பதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு எடுக்கிறேன். எனக்குத் தெரிந்த வரையில் ஆட்டம் முடிவது பதினெட்டு வயதில் இல்லை.

பிள்ளை மடுவத்துக்கு, அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு, ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு வந்து நின்று பாருங்கள். அம்மாமார் கூடையை முதுகில் போட்டுக்கொண்டே பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுவார்கள். பிரசவ லீவு 84 நாள். அது முடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளம் இல்லை. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அம்மா இனிப் பத்து மணிக்கு வந்தால் உண்டு. மலை தூரம் என்றால் அதுவும் இல்லை. மிட்வைஃப் வைத்திருக்கும் பதிவேட்டில் நிறைக் கோட்டைப் பார்த்தால் தெரியும்: மூன்று மாதம்வரை நன்றாக ஏறும், நாலாம் ஐந்தாம் மாதத்தில் படுத்துவிடும். அந்த மிட்வைஃபுக்குத் தமிழ் தெரியாவிட்டால், "ஏன் நிறை கூடவில்லை" என்று தாயைக் கேட்டு விளங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு சரி.

அந்தப் பிள்ளைதான் ஐந்து வருடம் கழித்து என் வகுப்புக்கு வருகிறது. காலையில் சாயத்தண்ணி, கையில் பாதி ரொட்டி. முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வருகிறது. ஒன்றிரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் பாஸ் பண்ணி டவுன் பாடசாலைக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது மற்றவர்கள். ஓ.எல். (சாதாரணதரப்) பரீட்சையில் கணிதத்தில் விழுந்தால் பெரும்பாலும் அத்துடன் படிப்பு நின்றுவிடும். கணிதம் எடுக்க ஆசிரியர் இல்லாமல், விளையாட்டு ஆசிரியர் கணிதம் எடுத்த வருடங்கள் உண்டு.

2021 ஜூலையில் டயகமத் தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கட்டாயக் கல்வி வயது 16 என்று சட்டம் வந்து ஐந்து வருடம் கழித்து அது நடந்தது. எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். அந்தப் பிள்ளையின் வயதில் இருந்தவர்களில் எத்தனை பேர் எந்தெந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. இடமா, இனமா என்று நீங்கள் இரண்டு பேரும் தீர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது பிள்ளை மடுவத்தில் ஒரு முட்டையும், ஆறாம் வகுப்புக்கு ஒரு கணித ஆசிரியரும்.

கணக்கப்பிள்ளை மகன்:

டீச்சர் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் இந்தத் திரியில் ஒருவரும் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது. திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

2006–07 ஆய்வில் தோட்டப் பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் 40 வீதம். 2016இல் 32. நாட்டின் சராசரி அந்தப் பத்து வருடமும் 17இலேயே நின்றது. அதாவது தோட்டம்தான் வேகமாக முன்னேறியிருக்கிறது. கோட்டாவால் வந்ததில்லை அது. தண்ணீர்க் குழாய், மலசலகூடம், பிள்ளை மடுவத்தைத் திருத்தியது, இதெல்லாம் சேர்ந்து கொடுத்ததுதான். எப்போதும் அழுதுகொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்றே கண்ணில் படாது.

அப்புறம் நம்முடைய ஆட்கள். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென்று தனி அமைச்சே இருந்தது. அமைச்சராக இருந்தவர்கள் நம் மலையகத்தார்தான். சுமார் மூவாயிரம் பேரை ஆசிரியர் உதவியாளர்கள் என்று எடுத்து, மாதம் 6,000 ரூபா கையில் கொடுத்து, பிறகு 10,000 ஆக்கி, வருடக்கணக்கில் நிரந்தரமாக்காமல் இழுத்தடித்தபோது நம் தொழிற்சங்கங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? சந்தாப் பணம் மாத்திரம் சம்பளத்தில் ஒழுங்காக வெட்டினார்கள்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். சம்பள நாளன்று தோட்டத்துக்குக் கீழே சாராயக் கடையில் நிற்கிற வரிசையை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பெண் கொழுந்து பறிக்கிறாள், புருஷன் போய்ச் சம்பளம் வாங்குகிறான். அதில் பிள்ளைக்கு முட்டை வாங்க எவ்வளவு மிஞ்சும்? இதற்கும் 1948தான் காரணம் என்பீர்களா?

ஊவா டீச்சர்:

சாராயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் குடிக்காத வீட்டுப் பிள்ளைக்கும் கணித ஆசிரியர் இல்லையே ஐயா.

கொட்டகலைக்காரன்:

1948ஐ நீங்களே எடுத்ததால் சொல்கிறேன்.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. நாட்டின் கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மத்திய மகா வித்தியாலயம் கட்டினார்கள். எங்கள் பாடசாலை அந்தக் கணக்கிலேயே வரவில்லை. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகியான துரையின் கையில் இருந்தது. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு மூட்டை கட்டிவிட வேண்டும். மூன்று வருடத்தில், 1948இல், எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். ஓட்டு இல்லாதவனுக்குப் பாடசாலை கட்ட எந்த எம்.பி. வருவான்? அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளை எடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். நடுவில் இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தம், இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று மாட்டுச் சந்தை மாதிரிப் பிரித்தார்கள். கடைசி ஆள்வரை பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். மற்றப் பிள்ளை மூன்று தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்த பாதையில் எங்கள் பிள்ளை நேற்றுத்தான் கால் வைத்தது.

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் எங்கள் பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தியது வடக்கு, கிழக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள். வடமராட்சியான் அண்ணே, இதை நன்றியோடுதான் சொல்கிறேன், எங்கள் அப்பா இன்றும் அவருடைய யாழ்ப்பாணத்து வாத்தியாரைப் பற்றிப் பேசுவார். 1983 கலவரத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்பதில் இனம் இல்லையா?

சரி, முன்னேற்றம் 40இலிருந்து 32 என்கிறீர்கள். பாதித் தூரம்கூட வரவில்லை. மூன்று பிள்ளைகளில் ஒன்று குட்டையாக வளர்வதை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சமுர்த்தி என்ற வறுமை நிவாரணம் கொடுத்தபோது "உங்களுக்குத்தான் மாதச் சம்பளமும் ஈ.பி.எஃப். சேமலாப நிதியும் இருக்கிறதே" என்று தோட்டத்தைத் தள்ளி வைத்த கதையும் எல்லோருக்கும் தெரியும்.

மொனராகலைவாசி:

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன், ஒரு கேள்வி மட்டும். எங்கள் மாவட்டத்தில் சிங்களக் கிராமங்களில் கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளும் அரைப் பட்டினியோடுதான் பாடசாலை போகிறார்கள். யானை வந்தால் அன்றைக்குப் பாடசாலையே இல்லை. அந்த 16 மாவட்டப் பட்டியலில் மொனராகலையும் இருக்கிறது. நுவரெலியாவிலேயே வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பக்கம் சிங்களக் கிராமத்துப் பிள்ளை கோடீஸ்வரனா? 5 வீதத்தைத் தோட்டத்துக்கு மட்டும் என்று எடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

கொட்டகலைக்காரன்:

வலப்பனைப் பிள்ளைக்கு எதிராக நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பிள்ளையும் டவுன் பிள்ளையோடுதான் மோதுகிறது. பாடசாலையை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் பிள்ளைக்கும் வரும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வலப்பனைக்காரனின் வீடு அவனுடையது, காணி கொஞ்சமாவது இருக்கும், பிரதேச சபை பாதை போடும், கிராம சேவகர் அவன் பாஷையில் பேசுவார். எங்கள் லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டு அறை, தோட்டக் கம்பனியுடையது. வேலை போனால் கூரை போகும் என்ற பயம் அந்தச் சிங்களத் தாய்க்கு இல்லை.

பாரதிபுரத்தான்:

எல்லோரும் மலையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கிளிநொச்சி.

1970களின் பஞ்சத்திலும், 77, 83 கலவரங்களிலும் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பாரதிபுரம், மலையாளபுரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே துரை இல்லை, கம்பனி இல்லை, லயம் இல்லை. கல்வித் திணைக்களத்தில் இருப்பவர் தமிழர், அதிபர் தமிழர், மிட்வைஃப் தமிழ் பேசுவார். அப்படியானால் எங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டுமே? கிளிநொச்சியிலும் பின்வரிசை எங்களுடையதுதான். காணி உறுதி கிடைக்காமல் இழுபட்டது எங்கள் ஆட்கள், மற்றவர் வயலில் கூலிக்குப் போவது எங்கள் ஆட்கள், போரின் கடைசியில் அதிகமாக இழந்ததும் எங்கள் ஆட்கள். வகுப்பில் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்டது சிங்களப் பிள்ளை இல்லை.

ஆகவே வடமராட்சியான் அண்ணை, இடம்தான் பிரச்சினை என்றால் இடம் மாறியும் ஏன் தீரவில்லை? கொட்டகலைத் தம்பி, சிங்கள அரசுதான் பிரச்சினை என்றால் தமிழ் அதிகாரி இருக்கிற இடத்தில் ஏன் தீரவில்லை? சாதியையும் கூலியையும் இரண்டு பேரும் நைஸாகத் தாண்டிப் போகிறீர்கள்.

வடமராட்சியான்:

பாரதிபுரத்தான் சொன்னதில் வலி இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் சமூகம் உங்களை நடத்திய விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் போர் நடந்த மண்ணில் யார் எவ்வளவு பின்தங்கினார்கள் என்பதைச் சாதியால் மட்டும் அளக்க முடியாது. முல்லைத்தீவில் பூர்வீகக் காணி உள்ள மீனவர் பிள்ளையும்தான் பட்டினி கிடக்கிறது. என் நிலைப்பாடு அதே. ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் இடத்துக்குக் கொடுங்கள். பல்கலைக்கழகக் கதவில் நின்று சாதிச் சான்றிதழ், தோட்டச் சான்றிதழ் கேட்கிற நிலைமைக்கு நாட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

கூடலூர்வாசி:

சான்றிதழ் என்றதும் நுழைகிறேன். 64 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் எங்களைப் போன்றவர்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். இங்கேயும் லைன் வீடு, இங்கேயும் கொழுந்து, அட்டையும் அதே அட்டை.

வித்தியாசம் எங்கே வந்தது என்றால், பள்ளிக்கூடம் தோட்டத்தின் கையில் இல்லை, சர்க்கார் கையில். 1982லிருந்து சத்துணவு. மத்தியானம் சோறு உண்டு என்பதாலேயே என்னைப் போன்றவர்கள் பள்ளிக்கூடம் போனோம், பொய் சொல்லவில்லை. இட ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். "தாத்தா எந்த ஊர், அந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) எழுதி வாங்கி வா" என்பார்கள். நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிய தாத்தாவின் ஊரை எங்கே போய்த் தேடுவது? கிடைத்தவன் படித்து வேலைக்குப் போனான். கிடைக்காதவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். எப்படியோ தோட்டத்தில் பிள்ளைகள் தங்கவில்லை. என் பிள்ளைக்கு கவாத்துக் கத்தி பிடிக்கவே தெரியாது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கணக்கப்பிள்ளை மகன்:

கூடலூர் அண்ணன் சொன்னதைக் கவனியுங்கள். அங்கே உருப்பட்டவர்கள் தோட்டத்தை விட்டு வெளியே போனதால் உருப்பட்டார்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது. தோட்டத்தில் குடியிருப்பவர்களில் இன்று கம்பனியில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் சின்னப் பங்கு. பொடியன்கள் கொழும்பில் ஹோட்டலிலும் கடையிலும், பெண்கள் கார்மண்டிலும் வெளிநாட்டிலும். தோட்டப் பாடசாலையைத் தங்கத்தில் கட்டினாலும் லயத்தில் இருந்துகொண்டு முன்னேற முடியாது. போக்குவரத்தும் விடுதியும் கொடுத்துப் பிள்ளையை வெளியே எடுங்கள், போதும்.

ஊவா டீச்சர்:

வெளியே எடுங்கள் என்று சொல்வது சுலபம். அம்மா டுபாயில், அப்பா கொழும்பில், பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் என் வகுப்பில் கணிசமாக இருக்கிறார்கள். பணம் வருகிறது, புதுச் சப்பாத்து வருகிறது, போன் வருகிறது. வீட்டுப்பாடம் செய்ய வைக்க ஆள் இல்லை. பெண் பிள்ளை பெரியவளானதும் "பாதுகாப்பில்லை" என்று பாட்டி பாடசாலையை நிறுத்திவிடுகிறார். தோட்டத்தை விட்டுப் போனதால் முன்னேறியது சம்பளம். பிள்ளையின் படிப்பு அப்படியேதான் நிற்கிறது.

விடுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினோரு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் முன், அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புவரை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

வடமராட்சியான்:

தம்பி கொட்டகலை, ஒரு சமரசம் சொல்கிறேன், பிடித்தால் எடுங்கள். 5 வீதத்தை மாவட்டத்திலிருந்து எடுத்துவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இனத்துக்கும் கொடுக்கக் கூடாது, தோட்டத்துக்கும் கொடுக்கக் கூடாது. பாடசாலைக்குக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஓ.எல்.வரை வசதி குறைந்த பாடசாலையில் தொடர்ந்து படித்த எந்தப் பிள்ளைக்கும். முல்லைத்தீவும் வரும், மொனராகலையும் வரும், உங்கள் டிவிசனும் வரும். கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறவன் வர முடியாது.

கொட்டகலைக்காரன்:

அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வசதி குறைந்த பாடசாலை என்று நாடு முழுக்கப் பட்டியல் போட்டால் அது ஆயிரக்கணக்கில் வரும். அதற்குள்ளும் தமிழ் மொழிமூலத் தோட்டப் பாடசாலைதான் அடியில் கிடக்கும். 16 மாவட்டப் பட்டியலிலும் இதுதான் நடந்தது. பெயர் சொல்லாமல் கொடுத்த எதுவும் எங்களிடம் வந்து சேர்ந்ததில்லை. பேர் சொல்லித்தான் கேட்பேன். மாவட்டத்துக்குக் கொடுப்பதைவிட உங்கள் யோசனை மேல், அவ்வளவுதான் ஒத்துக்கொள்ள முடியும்.

கணக்கப்பிள்ளை மகன்:

சரி, பேர் சொல்லியே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டப் பிள்ளை என்று யாரை எடுப்பீர்கள்? எதை வைத்து? இல்லாவிட்டால் நாளைக்கே டவுன் முதலாளி ஒரு லயத்துக் காம்பராவை வாடகைக்கு எடுத்து விலாசம் மாற்றிவிடுவார்.

கொட்டகலைக்காரன்:

தாய் அல்லது தகப்பனின் ஈ.பி.எஃப். இலக்கம். தோட்டத்தில் பேர் பதிந்தவர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? காசு கொடுத்து வாங்க முடியாது.

ஊவா டீச்சர்:

முடியாது தம்பி. இப்போது பாதிப் பேர் கைக்காசுக்குத்தான் மலை ஏறுகிறார்கள். பேர் பதியாததால் ஈ.பி.எஃப். இல்லை. டுபாய் போன அம்மா பேரை வெட்டிவிட்டுத்தான் போனார். உங்கள் இலக்கத்தை வைத்துப் பார்த்தால் என் வகுப்பில் காலையில் சாயத்தண்ணியோடு வருகிற பிள்ளைதான் முதலில் வெளியே போகும். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருக்கும் கிளார்க்கர் ஐயாவின் மகனுக்குக் கட்டாயம் கிடைக்கும்.

கொட்டகலைக்காரன்:

அப்படியென்றால் பிறந்தபோது மிட்வைஃப் கொடுத்த பதிவேடு? அதில் தோட்டத்தின் பேர், டிவிசன் பேர் எல்லாம் இருக்குமே. பிள்ளை அங்கேதான் வளர்ந்தது என்று காட்ட அது போதாதா?

ஊவா டீச்சர்:

அது இருந்தால் நல்லதுதான். ஆனால் பாடசாலையில் சேர்க்கும்போதே பாதிப் பேர் அதைக் கொண்டுவருவதில்லை. மழையில் நனைந்துவிட்டது, லயம் எரிந்தபோது போய்விட்டது என்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பிரதி இருக்கிறதா என்று நாளைக்கு எங்கள் மிட்வைஃபைக் கேட்டு எழுதுகிறேன்.